ஈற்றோரமும் பல்லிடுக்கும்

பல் சொத்தையாவதும் ஈறு நோயுறுவதும் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும் பல்லின் நடுப்பரப்பில் தொடங்குவது அரிது. ஈறு பல்லைத் தழுவி நிற்கும் மெல்லிய விளிம்பிலும், ஒரு பல் அடுத்த பல்லைத் தொட்டு நிற்கும் இடுக்கிலும், கடைவாய்ப் பற்களின் மெல்லும் பரப்பிலுள்ள குறுகிய பள்ளங்களிலுமே அவை பெரும்பாலும் பிறக்கின்றன. வீடுகளில் அன்றாடம் நடைபெறும் பல் துலக்கலோ, கைக்கு எளிதாக எட்டும் பரப்பை மீண்டும் மீண்டும் தேய்த்துவிட்டு இந்த இடங்களைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. நாள் தவறாமல் இருவேளை பல் துலக்குபவர்களிலும் நடுவயதிலேயே பல் ஆடக் காண்பவர்கள் இருப்பதற்குப் பற்பசையின் குறைபாட்டைக் காரணமாகச் சொல்வதைவிட, பிரஷின் இழைகள் எங்கே சென்று சேர்ந்தன, எங்கே சேரவில்லை என்று பார்ப்பதே பயன் தரும். உலக மக்களில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கணித்திருப்பதை நோக்கும்போது, இந்தச் சிறு கைவேலையைச் சரியாகக் கற்பிக்கும் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

பல்லிலிருந்து அகற்றப்பட வேண்டியது உணவுத் துணுக்கு என்றே பலர் எண்ணுகின்றனர். துணுக்குகளில் பெரும்பகுதி வாய் கொப்பளித்தாலே போய்விடும். கொப்பளிப்பால் போகாதது, பல்லோடு ஒட்டி வளரும் நுண்ணுயிர்ப் படலமே. பல்லை நன்றாகத் துலக்கி முடித்த சில நிமிடங்களுக்குள்ளேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் எனாமல் மீது, அதாவது பல்லின் வெளித்தெரியும் பகுதியைப் போர்த்தியுள்ளதும் மனித உடலிலேயே மிகக் கடினமானதுமான உறையின் மீது, மிக மெல்லிய தோலாகப் படிகின்றன. அந்தத் தோலைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகுவதோடு, தாமே உண்டாக்கும் பசைப்பொருளுக்குள் புதைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகத் தங்குகின்றன. பற்படலம் எனப்படுவது இதுவே. மனித வாய்களில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றாலும், ஒரே இடத்தில் பல நாள் கலைக்கப்படாமல் தங்கும் படலத்தில் அமிலம் சுரப்பவையும் ஈறைத் தாக்குபவையும் மேலோங்குகின்றன. பசைப்பொருளின் காப்பு இருப்பதால் வாய் கழுவும் மருந்துநீர் படலத்தின் ஆழத்தை எளிதில் சென்று சேர்வதில்லை. அதே படலம், மென்மையான ஓர் இழை நேரடியாக உரசினால் கலைந்துவிடும். பல் துலக்குதலின் அடிப்படை இந்த உரசலே. பற்பசை முதலியன அதற்குத் துணை நிற்பவை.

இந்தப் படலத்தை முதன்முதலில் நுண்ணோக்கி வழியே கண்டவர் நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தைச் சேர்ந்த ஆன்டனி வான் லேவன்ஹூக். லண்டன் ராயல் சொசைட்டிக்கு 1683ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில், தாம் காலைதோறும் உப்பால் பல் தேய்த்து, பல்குத்தியையும் துணியையும் பயன்படுத்தி மிகுந்த அக்கறையோடு வாயைப் பேணி வந்தபோதிலும், சில பற்களின் இடையே மாவு போன்ற வெண்பொருள் தங்கியிருந்ததையும், அதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் துள்ளித் திரிந்ததையும் அவர் பதிவு செய்தார். தம் காலத்து மக்களைவிடத் தூய்மையாக இருந்த ஒருவரின் வாயிலும் படலம் எஞ்சிய இடம் பல்லிடுக்கு என்பது இந்தப் பழைய பதிவிலேயே தெளிவாக இருக்கிறது.

கலையாத படலம் இரு வழிகளில் தீங்கு செய்கிறது. முதலாவது சொத்தை. படலத்திலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையையும், வாயில் ஓரளவு சர்க்கரையாகச் சிதையும் மாவுப்பொருளையும் உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டெஃபன் 1940களில் பற்படலத்தின் அமிலத்தன்மையை நேரடியாக அளந்து, இனிப்புக் கரைசல் பட்ட சில நிமிடங்களிலேயே அது கூர்மையாக உயர்வதையும், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆவதையும் காட்டினார். அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. அளவு மீளும்போது உமிழ்நீரிலிருந்து அதே தாதுக்கள் திரும்ப வந்து படிகின்றன. இந்த இழப்பும் மீட்பும் நாள் முழுவதும் மாறிமாறி நடக்கின்றன. ஒரு நாளில் ஆறேழு முறை இனிப்புக் காபியோ பிஸ்கட்டோ உட்கொள்பவருக்கு மீட்புக்கான நேரம் குறைந்துபோவதால், உண்ட சர்க்கரையின் மொத்த அளவைப் போலவே, எத்தனை முறை உண்ணப்பட்டது என்பதும் சொத்தையைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது தீங்கு ஈறு நோய். ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் டென்மார்க்கில் தம் குழுவினருடன் நடத்தி 1965இல் வெளியிட்ட சோதனை, இத்துறையின் வரலாற்றில் மிகத் தெளிவான சான்றுகளுள் ஒன்று. ஈறுகள் நலமாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் ஈறு சிவந்து வீங்கும் ஈறு அழற்சி உண்டாயிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நலத்தை அடைந்தன. இந்தச் சோதனை உணர்த்தும் நல்ல செய்தி, ஈறு அழற்சி தொடக்கநிலையில் முழுமையாக மீளக்கூடியது என்பது. அந்த நிலை பல மாதங்கள், பல ஆண்டுகள் நீடிக்கும்போது, சிலருக்கு அழற்சி உள்ளே இறங்கி, பல்லின் வேரைத் தாடையோடு பிணைக்கும் நார்களையும் வேரைத் தாங்கும் எலும்பையும் அரித்துவிடுகிறது. அவ்வாறு கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை; பல் ஆடுவதும் விழுவதும் அதன் கடைசி விளைவுகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த நோய் கடுமையாகத் தாக்குவதும், ஈறு நோய் முற்றியிருந்தால் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாவதும் மருத்துவ உலகில் உறுதிப்பட்டவை. ஆகவே நீரிழிவாளர் தம் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் அதே கவனத்தோடு ஈறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈற்றோரத்தைக் குறிவைத்துப் பல் துலக்கும் முறையை வகுத்துத் தந்தவர் பல் மருத்துவர் அல்லர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள டுலேன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல்வராக 1940 வரை பணியாற்றிய சார்லஸ் பாஸ், அதற்கு முன்பு மலேரியாக் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்த்துப் புகழ்பெற்ற ஆய்வாளர். முதுமையில் பற்களின் மீது கவனம் செலுத்திய அவர், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள, நலமான வாயில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழமே கொண்ட ஈற்றுப் பள்ளத்தில் தங்கும் படலமே நோயின் வேர் என்று கண்டு, பிரஷின் இழை எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், அதன் நுனி எப்படி உருண்டிருக்க வேண்டும் என்பது வரை ஆராய்ந்து 1940களின் இறுதியில் வெளியிட்டார். இன்று பல் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் முறை, சிறு மாற்றங்களோடு, அவர் பெயராலேயே வழங்குகிறது.

அந்த முறையில் பிரஷின் இழைகள் பல்லுக்குச் செங்குத்தாக வைக்கப்படுவதில்லை. ஏறத்தாழ 45 பாகை சாய்வில், நுனிகள் ஈற்றோரத்தை நோக்கியிருக்கும்படி, பாதி இழைகள் பல்லிலும் பாதி இழைகள் ஈறின் விளிம்பிலும் படியுமாறு வைக்கப்படுகின்றன. மேல்வரிசைப் பற்களுக்கு இழைகள் மேல்நோக்கியும் கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கியும் சாய்ந்திருக்க வேண்டும். பின்னர் இழை நுனி இருந்த இடத்தைவிட்டு நகராத அளவுக்குச் சிறிய முன்பின் அதிர்வுகளைப் பத்துப் பதினைந்து முறை கொடுத்து, மணிக்கட்டைத் திருப்பி ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி வழித்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகர வேண்டும். வெளிப்பக்கம் முழுவதும் முடிந்த பிறகு, நாவை நோக்கிய உட்பக்கத்திற்கும் இதையே செய்ய வேண்டும். முன்பற்களின் உட்பக்கம் குறுகிய வளைவாக இருப்பதால் அங்கு பிரஷை நெட்டாக நிறுத்தி, அதன் முனைப்பகுதியால் துலக்குவது பொருந்தும். கீழ் முன்பற்களின் உட்பக்கம் பெரும்பாலோர் வாயில் கைபடாமல் கிடக்கும் இடம் என்பதும், நாவுக்கடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அதற்கு நேரே திறப்பதால் படலம் விரைவில் கல்லாக இறுகும் இடமும் அதுவே என்பதும் குறிப்பிடத்தக்கவை. மெல்லும் பரப்புகளை மட்டும் முன்பின்னாகத் தேய்க்கலாம். ஒரு மூலையில் தொடங்கி வரிசை மாறாமல் சுற்றி வந்தால் விடுபடும் பல் குறையும். முழு வாய்க்கும் இரண்டு நிமிடமாவது ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் துலக்குபவர்கள் அதைவிட மிகக் குறைந்த நேரத்திலேயே முடித்துவிடுகின்றனர்.

விரல் முழுவதையும் மடக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கும் பழக்கம் அழுக்கை நன்றாக நீக்குவதுபோல் தோன்றினாலும், அது ஈறைக் கீழே தள்ளி, பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவப் பள்ளத்தை உண்டாக்குகிறது. ஈறு இறங்கியபின் வெளிப்படும் வேரை எனாமல் மூடியிருப்பதில்லை. உள்ளிருக்கும் டென்டின் என்னும் மென்மையான பகுதி எளிதில் தேய்வதோடு, அதிலுள்ள நுண்குழல்கள் வழியே குளிர்ச்சி நரம்பை எட்டுவதால் பற்கூச்சம் பிறக்கிறது. பேனா பிடிப்பதுபோல் விரல் நுனிகளால் பிரஷைப் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும். கடினமான இழை கொண்ட பிரஷை வாங்குவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மென்மையான இழையும் சிறிய தலையும் கொண்ட பிரஷே கடைசிப் பல்லின் பின்புறம் வரை சென்று திரும்பும். இழைகள் விரிந்து கலைந்த பிரஷ் ஈற்றோரத்தை எட்டாது என்பதால், மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் பல் விளக்கப் பயன்பட்ட உமிக்கரியும் செங்கல் தூளும் உப்பும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துபவை. கரிப்பொடி பல்லை வெண்மையாக்குவதுபோல் தோன்றுவதற்குக் காரணம், மேல்பரப்பிலுள்ள கறையோடு பல்லின் பரப்பையும் அது சுரண்டுவதே. இன்று அழகிய டப்பாக்களில் விற்கப்படும் கரிப் பற்பொடிகளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் வேறு வகை. மென்று நாராக்கிய குச்சியால் மெதுவாகத் துலக்கினால் வெளிப்பரப்பு ஓரளவு சுத்தமாகும்; ஆனால் உட்பக்கத்தையும் கடைவாயையும் அது எட்டுவது கடினம், பல்லைக் காக்கும் ஃப்ளோரைடும் அதிலிருந்து கிடைப்பதில்லை. புகையிலை கலந்த பற்பசை, பற்பொடிகளைப் பற்றித் தனியாக வாதிக்கத் தேவையில்லை: இந்திய அரசு 1992ஆம் ஆண்டிலேயே அவற்றைத் தடை செய்தது.

பற்பசையில் உண்மையாகக் கவனிக்க வேண்டிய பொருள் ஃப்ளோரைடு. அமிலத்தில் கரைந்த எனாமல் மீண்டும் இறுகும்போது ஃப்ளோரைடு உடனிருந்தால், புதிதாகப் படியும் தாது முன்பைவிட அமிலத்தைத் தாங்கும். பத்து லட்சத்தில் ஏறத்தாழ 1000 பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமான ஃப்ளோரைடு கொண்ட பற்பசைகளே சொத்தையைத் தடுப்பதாக உறுதிப்பட்டவை. பிரஷ் முழுவதும் நீளமாகப் பசையைப் பரப்பும் விளம்பரப் படங்களுக்கு மாறாக, பெரியவர்களுக்கு ஒரு பட்டாணி அளவே போதும். துலக்கி முடித்தபின் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் வாயை அலசாமல் விட்டால் எஞ்சும் ஃப்ளோரைடு பற்களில் தங்கிச் செயல்படும். வாய் நிறைய நீரெடுத்து நாலைந்து முறை கொப்பளிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இது முதலில் ஒவ்வாததாகத் தோன்றும், ஆயினும் இதன் பயன் பெரிது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்து, பற்களில் பழுப்புக் கறையும் எலும்பில் பாதிப்பும் உண்டானதை அறிந்தவர்கள் ஃப்ளோரைடு என்றாலே அஞ்சுவது இயல்பு. அங்கு காவிரி நீரைக் கொண்டு சேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவானதன் நோக்கங்களுள் ஒன்று இந்தப் பாதிப்பைக் குறைப்பதே. அந்தக் கேடு ஆண்டுக்கணக்கில் குடித்து உடலுக்குள் சென்ற ஃப்ளோரைடால் விளைந்தது. பற்பசையோ பல்லின் மேற்பரப்பில் செயல்பட்டுத் துப்பப்படுவது. துப்பத் தெரியாத குழந்தைகளுக்குப் பசையின் அளவைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதும் இதனாலேயே.

பிரஷ் எவ்வளவு திறமையாகக் கையாளப்பட்டாலும், பல்லின் ஐந்து பரப்புகளில் வெளிப்புறம், உட்புறம், மெல்லும் புறம் ஆகிய மூன்றையே தொட முடியும்; அண்டைப் பற்களை நோக்கிய இரு பக்கங்கள் எஞ்சி நிற்கின்றன. இதற்காக மெழுகு பூசிய பட்டு நூலைப் பற்களுக்கிடையே இழுக்கும்படி, லெவி ஸ்பியர் பார்ம்லி என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் 1819இல் வெளியிட்ட நூலில் அறிவுறுத்தினார். இன்று மருந்துக் கடைகளில் ஃப்ளாஸ் என்ற பெயரில் கிடைப்பது அந்த நூலின் வழிவந்த நைலான் இழையே. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நூலை எடுத்து இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஓரிரு அங்குலம் மட்டும் இறுக்கமாக நிறுத்தி, மெல்ல அசைத்தபடி இடுக்கில் இறக்க வேண்டும். சடாரென்று அழுத்தினால் நூல் ஈறை வெட்டிவிடும். நூல் உள்ளே இறங்கிய பிறகு செய்ய வேண்டியதே முக்கியம்: அதை ஒரு பல்லின் பக்கத்தை அரைவட்டமாகத் தழுவும்படி வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்று உள்ளே வரை கொண்டுசென்று, மேலும் கீழுமாகச் சில முறை வழித்துவிட வேண்டும், பின்பு அதே இடுக்கில் மறுபக்கத்துப் பல்லுக்கும் அவ்வாறே செய்து, நூலின் புதிய பகுதியோடு அடுத்த இடுக்குக்கு நகர வேண்டும். உணவுத் துணுக்கை வெளியே இழுத்ததோடு நிறுத்துபவர்கள் படலத்தை அப்படியே விட்டுவிடுகின்றனர்.

நூலால் பயன் உண்டா என்ற கேள்வி 2016இல் உலகெங்கும் செய்தியாயிற்று. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியிலிருந்து அந்தப் பரிந்துரை நீக்கப்பட்டதும், அதற்கான சான்றுகள் வலுவற்றவை என்று பத்திரிகைகள் எழுதியதும் காரணம். சான்று பலவீனமாக இருந்ததற்கு ஆய்வுகள் குறுகிய காலத்தவையாக இருந்தது ஒரு காரணமென்றால், நூலைப் பயன்படுத்தியவர்களின் கைத்திறன் இன்னொரு காரணம். 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு இதைத் தெளிவாக்கியது: பள்ளி நாட்கள்தோறும் பயிற்சி பெற்றவர்களே குழந்தைகளுக்கு நூலால் சுத்தம் செய்துவிட்டபோது பல்லிடுக்குச் சொத்தை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது, தாமாகவே செய்துகொண்டவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆக, நூலைக் கைவிடுவதைவிட அதைக் கையாளக் கற்பதே இந்த முடிவிலிருந்து பெறத்தக்க பாடம். ஈறு சற்று இறங்கி இடைவெளி ஏற்பட்டவர்களுக்கு, கம்பியைச் சுற்றி இழைகள் அமைந்த சிறு பல்லிடுக்கு பிரஷ்கள் நூலைவிட எளிதாகவும் நன்றாகவும் வேலை செய்கின்றன. இடைவெளியின் அளவுக்கேற்ற பிரஷைத் தேர்ந்தெடுக்கப் பல் மருத்துவரின் உதவி தேவை. ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி ஆகியவற்றால் பல்லைக் குத்துவது ஈறைக் கிழித்து இடைவெளியைப் பெரிதாக்குமேயன்றிப் படலத்தைத் தொடாது.

நூலைப் பயன்படுத்தத் தொடங்கும் முதல் சில நாட்களில் ஈறில் இரத்தம் கசிவது வழக்கம். இரத்தத்தைக் கண்டதும் அந்த இடத்தைத் தொடாமல் விடுவதே பெரும்பாலோர் செய்வது; அவ்வாறு விடப்பட்ட இடத்தில் படலம் மேலும் தடித்து, அழற்சி மேலும் வளர்கிறது. அழற்சியே கசிவுக்குக் காரணம் என்பதால், மென்மையாகவும் விடாமலும் சுத்தம் செய்து வந்தால் ஓரிரு வாரங்களில் கசிவு நின்றுவிடும். அதன் பிறகும் நிற்காவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கிக் கசியும் என்பதால், அந்த மாதங்களில் பல் துலக்குவதைத் தளர்த்தாமல் இருப்பது இன்னும் அவசியம்.

நாளில் ஒரு முறைதான் முழு அக்கறையோடு செய்ய இயலும் என்றால் அது இரவாக இருக்க வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால், அமிலத்தைக் கழுவி, தாதுக்களைத் திருப்பித் தரும் காப்பு அந்த நேரத்தில் இருப்பதில்லை. இரவு உணவுக்குப் பின் நூலாலும் பிரஷாலும் சுத்தம் செய்து, அதன்பின் தண்ணீரைத் தவிர வேறெதையும் உட்கொள்ளாமல் படுப்பது நல்லது. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான பானங்களைப் பருகிய உடனே மட்டும் துலக்காமல், வாயை நீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்திருப்பது அமிலத்தால் மென்மையாகிப்போன எனாமலைக் காக்கும். நாக்கு வழிக்கும் பழக்கம் நாவின் மேற்பரப்பில் தங்கி வாய் நாற்றத்தைத் தரும் படிவை நீக்குகிறது. அதை அழுத்தாமல் செய்தால் தொடரலாம்.

கலைக்கப்படாத படலத்தில் உமிழ்நீரின் கால்சியம் படிந்து, ஓரிரு நாட்களிலேயே அது இறுகத் தொடங்குகிறது. உப்புநீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஏறும் வெள்ளைப் படிவைப்போல் பல்லில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் இதைப் பற்காரை என்பர். எந்தப் பிரஷும் எந்தப் பற்பசையும் இதை நீக்காது; பல் மருத்துவர் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் ஒன்றே வழி. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற அச்சம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. உண்மையில் அந்த இடத்தை ஈறும் எலும்பும் முன்னமே இழந்துவிட்டன, அதைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. காரை நீங்கியதும் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஒட்டுக்கல்லாகப் பல்லைப் பிடித்து நிறுத்துவதுபோல் தோன்றிய அதே காரைதான் எஞ்சிய எலும்பையும் அரிக்கத் துணைநின்றது. ஸ்கேலிங்குக்குப் பின் சில நாட்கள் நீடிக்கும் கூச்சம் தானாகவே குறைந்துவிடும்.

குழந்தைகளின் பற்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியது உண்டு. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதல் பல் முளைத்த அன்றே துலக்கலைத் தொடங்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசிமணி அளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் பசை போதும். எப்படியும் விழப்போகும் பற்கள்தானே என்று பால்பற்களை விட்டுவிடும் வீடுகளில், இன்னொரு பல்லும் கவனம் இழக்கிறது. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஓசையின்றி முளைக்கிறது. பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே கருதிவிடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய அந்தப் பல்லின் மேற்பரப்பு ஆழமான பள்ளங்கள் நிறைந்தது. முழுதாக வளரும் வரை அண்டைப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால் நெட்டாகத் தேய்க்கும் பிரஷ் அதன்மேல் படாமலே கடந்துவிடும். ஏழெட்டு வயது வரை குழந்தையின் கைக்கு இதைச் செய்யும் நயம் வாய்ப்பதில்லை. எனவே குழந்தை தானாகத் துலக்கிய பிறகு, பெரியவர் ஒருவர் அதன் பின்னால் நின்று, தலையைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டு, கன்னத்தின் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்து, அந்தக் கடைசிப் பல்லின் மேற்பரப்பை மட்டும் தனியே துலக்கிவிட வேண்டும். பள்ளங்கள் மிக ஆழமாக இருந்தால், சொத்தை தொடங்குவதற்கு முன்பே அவற்றை மெல்லிய பிசினால் அடைத்துவிடும் எளிய சிகிச்சையைப் பல் மருத்துவரிடம் வலியின்றிச் செய்துகொள்ளலாம்.